உப்பு மண்ணில் காய்கறி: ஜிப்சம் வாங்குவதற்கு முன்

தோட்டத்து மண்ணில் உப்பு ஏறிவிட்டது, விதை முளைக்கவில்லை, முளைத்ததும் கருகிப்போகிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கும் யோசனை, "ஜிப்சம் போடுங்க" என்பதுதான். சில நிலங்களுக்கு அது சரியான மருந்து. வேறு சில நிலங்களுக்கு அது வீண் செலவு. உங்கள் நிலம் இதில் எந்தப் பக்கம் என்று தெரியும்வரை ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள்.

உப்பு மண் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. ஒன்று உவர் நிலம். நீரில் கரையக்கூடிய உப்புகள் அதில் மிகுதி. சமையல் உப்போடு மக்னீசியம், கால்சியம் உப்புகளும் கலந்திருக்கும். மற்றொன்று களர் நிலம். அதில் கரையும் உப்பு குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் களிமண் துகள்களின் மேல் சோடியம் (சமையல் உப்பில் பாதியாக இருக்கும் தனிமம்) அப்பிக்கொண்டிருக்கும். இரண்டு கோளாறும் சேர்ந்த நிலமும் உண்டு. அதை உவர்க்களர் என்பார்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் நீர் ஏறிய வயல்கள் பெரும்பாலும் உவர் வகையில் தொடங்குகின்றன. திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டு கடலிலிருந்து வெகுதூரம். ஆனாலும் அங்கே களர் நிலம் இருக்கிறது. அங்குள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்தில் பயிர் செய்வது பற்றித் தொடர்ந்து ஆராய்ந்துவருவது அதனால்தான். உப்புக்குக் கடல் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. கார நீரைப் பல ஆண்டுகள் இறைத்தாலும், வடிகால் இல்லாத பள்ளத்தில் நீர் தேங்கி வற்றினாலும் போதும்.

இரண்டும் செடியை எப்படிக் கெடுக்கின்றன?

உவர் நிலத்தில் செடி தாகத்தால் சாகிறது. மாங்காய்த் துண்டுகளை உப்பில் போட்டால் நீர் விட்டுச் சுருங்குகின்றனவே, வேருக்கும் அதுதான் நேர்கிறது. மண் ஈரமாகவே இருக்கும். ஆனால் அந்த ஈரத்தை வேரால் உறிஞ்ச முடியாது. அதனால்தான் காலையிலேயே செடி வாடி நிற்கும், இலை ஓரம் கருகும்.

களர் நிலத்தில் கெடுவது மண்ணின் கட்டமைப்பு. சோடியம் ஏறிய களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை. நீர் இறங்காது, காற்றும் நுழையாது. போதாததற்கு, அந்த மண்ணின் காரத்தன்மையால் துத்தநாகம், இரும்பு, மணிச்சத்து எல்லாம் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? ஓரளவுக்கு உண்டு. காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீர் ஊற்றி, அதில் மெதுவாக இடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றி நீர் பால்போலக் கலங்கி, கலங்கல் படியாமலே நின்றால் களர் என்று சந்தேகப்படலாம். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் வெறும் களர் இல்லை. செடி அப்படியும் வாடுகிறது என்றால் உவராகவோ உவர்க்களராகவோ இருக்கலாம். குழாய் நீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலிருக்கும் உப்பே கலங்கலைப் படிய வைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

நிலத்தைப் பார்த்தும் குறிப்பு அறியலாம். வெயில் காலத்தில் மண்மேல் வெள்ளையாகப் பூத்து, நடந்தால் பொலபொலவென்று இருந்தால் அது உவரின் அடையாளம். உமரிச் செடி தானாக முளைப்பதும் அப்படியே. மழை பெய்து இரண்டு மூன்று நாளாகியும் கலங்கல் நீர் தேங்கி நின்றால், காய்ந்தபின் மேலே கருமையான பொருக்கு தட்டினால், அது களர். மட்கு கரைந்து மேலே வருவதால் அந்தக் கருமை வருகிறது.

ஆனால் இவை ஊகத்துக்குத்தான். மூட்டை மூட்டையாகப் பணம் போடுவதற்கு முன் மண்ணையும் பாசன நீரையும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மாவட்டத்து மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். மேல்பொருக்கை விலக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். பொருக்கு இருந்தால் அதைத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். "ஜிப்சம் தேவை எவ்வளவு என்றும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவாங்குவது மிக முக்கியம். கேட்காவிட்டால் பல இடங்களில் அதைச் சோதிப்பதில்லை.

அறிக்கையில் எதைப் பார்ப்பது? இரண்டு எண்கள். ஒன்று கார அமில நிலை (மண் புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை). இது 8.5-ஐத் தாண்டினால் களர் என்று எண்ணலாம். இன்னொன்று மின் கடத்துதிறன் (உப்பு கூடக்கூட நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதை அளந்து உப்பின் அளவை அறிவது). மண்ணை நீர்விட்டுக் குழம்பாக்கிப் பிழிந்த சாற்றில் இது மீட்டருக்கு 4 டெசி சைமனைத் தாண்டினால் உவர்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். நம் பரிசோதனை நிலையங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணில் இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளக்கின்றன. உப்பு நீர்த்துவிடுவதால் எண் சிறியதாகத் தெரியும். அதே மண்ணைக் குழம்பு முறையில் அளந்தால் சில மடங்கு கூடுதலாக வரும். ஆகவே அறிக்கையில் 1.5 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எந்த முறையில் அளந்தது என்று அங்கேயே கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மண்ணில் போடும் எந்தப் பொருளும் உப்பைத் தின்னாது. ஜிப்சம் தின்னாது, தொழு உரம் தின்னாது, பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலும் தின்னாது. உப்பு மண்ணைவிட்டுப் போகும் வழி ஒன்றுதான்: நல்ல நீரில் கரைந்து, வேருக்குக் கீழே இறங்கி, வடிந்து வெளியேற வேண்டும். நாம் போடும் பொருள்கள் அந்த நீர் இறங்குவதற்கு வழி திறந்துவிடுகின்றன. அவ்வளவுதான் அவற்றின் வேலை. வடிகால் இல்லாத நிலத்தில் எதைப் போட்டாலும் பணம் போகும், உப்பு நிற்கும். இதை விற்பனையாளர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உவர் நிலத்தைக் கழுவ எவ்வளவு நீர் வேண்டும்? ஓரடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் பாதியை இறக்க அரை அடி நீர் வேண்டும். ஓரடி நீர் இறங்கினால் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடும். ஒரு சென்ட் நிலத்தில் ஓரடி நீர் என்றால் சுமார் 12,000 லிட்டர். இதைக் கிணற்றிலிருந்து இறைக்க நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் டெல்டாவிலும் கடற்கரையிலும் ஐப்பசி, கார்த்திகை மழை இதைவிடக் கூடுதலாகவே கொட்டிவிட்டுப் போகிறது. அது ஓடிப்போகாமல் உங்கள் நிலத்தில் நின்று, கீழே இறங்கிப் போகவேண்டும். புரட்டாசியிலேயே நிலத்தை மட்டப்படுத்தி, சிறுசிறு பாத்திகளாக வரப்புக் கட்டி, நிலத்தைச் சுற்றி வடிகால் வெட்டி வைப்பது எந்த உரத்தையும்விட மேலான முதலீடு.

நிலத்தடி நீர் மேலாக இருந்தால்? ஒன்றரை மீட்டருக்குள் உவர்நீர் இருந்தால், மழை விட்டதும் உப்பு மண்ணின் நுண்துளைகள் வழியே மறுபடி மேலேறி வரும். அங்கே சுற்றிலும் ஆழமான வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு நிலத்தை உயர்த்தி, மேட்டுப்பாத்தியில்தான் காய்கறி செய்ய வேண்டும். வெட்டி எடுத்த மண்ணிலும் உப்பு இருக்கும் என்பதால், ஒரு மழைக்காலம் நனைந்தபிறகே அதில் விதைக்கலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் கடல் நீர் புகுந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோதும் தாழ்வான நிலங்களில் அதே துன்பம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எந்தக் காய்கறியும் அதைத் தாங்காது. ஆனாலும் நிலங்கள் மீண்டன. படிந்த கடல் சேற்றை வழித்து அகற்றியதும், மழைநீரைத் தேக்கி வடித்ததும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும் அதற்கு உதவின. மணற்பாங்கான நிலம் சீக்கிரம் மீளும். வடியாத களிமண் தாமதிக்கும்.

இதில் ஓர் அபாயம் இருக்கிறது. கடல் நீர் ஏறிய களிமண்ணை வெறும் மழைநீரால் கழுவினால், கரையும் உப்பு போய்விடும்; களித்துகளில் ஏறிய சோடியம் தங்கிவிடும். உவராக இருந்த நிலம் களராக மாறும். முதல் மழைக்குப் பிறகு நீர் இறங்குவது குறைந்து கலங்கலாகத் தேங்கத் தொடங்கினால் இதுதான் நடக்கிறது என்று அறிக. அப்படிப்பட்ட களிமண்ணுக்கு, கழுவும்போதே ஜிப்சம் தேவைப்படும். மணல் நிலத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

அப்படியானால் ஜிப்சம் என்னதான் செய்கிறது? ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். வெட்டியெடுக்கும் கனிமமாகவும் உரத் தொழிற்சாலையின் துணைப்பொருளாகவும் கிடைக்கிறது. அதிலிருக்கும் கால்சியம், களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகி நீரில் கரைந்து கீழே போகும். துகள்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து மண் பொலபொலப்பாகும், நீர் இறங்கும். தள்ளிவிட வேண்டிய சோடியமே இல்லாத உவர் மணலில் இதற்கு வேலை இல்லை. ஏற்கெனவே உள்ள உப்போடு இதுவும் ஓர் உப்பாகச் சேரும்.

எவ்வளவு போடுவது? அறிக்கையில் வரும் ஜிப்சம் தேவையின் பாதி அளவைப் போட்டால் போதும் என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் பரிந்துரை. மேல்மண் சீரானால் அடிமண்ணைப் பயிரின் வேரும் மட்கும் பின்னால் பார்த்துக்கொள்ளும். அறிக்கையில் ஏக்கருக்கு 4 டன் என்று வந்தால் 2 டன் போடலாம். ஏக்கருக்கு ஒரு டன் என்பது சென்ட்டுக்கு 10 கிலோ. ஆக 2 டன் கணக்கில் சென்ட்டுக்கு 20 கிலோ. சதுர மீட்டருக்கு அரைக் கிலோ.

போடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிலத்தை மட்டப்படுத்தி, வரப்பை உயர்த்தி, தூளாக உள்ள ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேல் 10 செ.மீ. மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டும். அதற்குமேல் ஆழமாகப் புதைத்தால் மேல்மண்ணில் ஜிப்சம் நீர்த்துப்போய் வேலை குறையும். பிறகு நீர் கட்ட வேண்டும். ஜிப்சம் எளிதில் கரையாது. ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். சென்ட்டுக்கு 20 கிலோ கரைய 8,000 லிட்டர், அதாவது 20 செ.மீ. உயர நீர் வேண்டும். தெளித்துவிட்டுப் பூவாளியால் நனைத்தால் அது அப்படியே கிடக்கும். நீரைச் சில நாள் தேங்கவிட்டு, மேலே நிற்பதை வடிகாலில் திறந்துவிட்டு, மறுபடி நீர் கட்டுங்கள். நடுவில் நிலம் காய்ந்து வெடிக்க விடாதீர்கள். காய்ந்தால் இறங்கிய உப்பு மேலேறும். மழைக்காலத்துக்குச் சற்று முன் போடச் சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உப்பளங்களில் ஒதுங்கும் ஜிப்சமும் மலிவாகக் கிடைக்கும். அதில் சமையல் உப்பு ஒட்டியிருக்கலாம். சோதிக்காமல் தோட்டத்தில் போடக் கூடாது. கூரைப்பலகை உடைசல், வெண்சாந்துத் தூள் போன்ற கட்டடக் கழிவும் வேண்டாம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள். மானியம் இருக்கும் காலத்தில் செலவு நன்றாகவே குறையும்.

சுண்ணாம்பும் கால்சியம்தானே, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் பலர். களர் மண்ணில் சுண்ணாம்புக்கல் தூள் கரையவே கரையாது. நீற்றிய சுண்ணாம்பு காரத்தை இன்னும் ஏற்றும். அது புளிப்பு மண்ணுக்கு உரியது. அடுப்புச் சாம்பலும் இப்படித்தான். அதில் பொட்டாசியம் இருக்கிறது என்று பாத்தியில் கொட்டுவார்கள். காரமும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. நல்ல மண்ணுக்குச் சாம்பல் நல்லது, உப்பு மண்ணுக்கு ஆகாது.

கந்தகத்தூள் போடலாம், ஆனால் நிபந்தனை உண்டு. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக மாற்றும். அந்த அமிலம் மண்ணில் ஏற்கெனவே உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். ஆகவே சுண்ணாம்பு இருக்கும் மண்ணில்தான் இது சோடியத்தை வெளியேற்ற உதவும். மண்மீது கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கந்தகம் வேலை செய்யப் பல வாரங்கள் பிடிக்கும், ஈரமும் வேண்டும். ஒரு கிலோ கந்தகம் ஐந்து கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஜிப்சத்துக்குச் சமம், அளவை மீறாதீர்கள்.

அடுத்தது தக்கைப்பூண்டு. உப்பு மண்ணில் எனக்கு மிகவும் பிடித்த செடி இது. களரையும் தாங்கும், நீர் தேங்கினாலும் தாங்கும், வேர் இறுகிய மண்ணைத் துளைத்து இறங்கும். மடக்கி உழுதபின் மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. அதாவது ஜிப்சத்தின் வேலையை மெதுவாக, காசில்லாமல் செய்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ, சென்ட்டுக்கு 200 கிராம் விதை. நாற்பது நாற்பத்தைந்து நாளில், பூக்கத் தொடங்கும்போது, தண்டு முற்றுவதற்குள் மடக்கி உழுதுவிட வேண்டும். முதலில் ஜிப்சம் போட்டுக் கழுவல், அடுத்து தக்கைப்பூண்டு, பிறகு காய்கறி என்ற வரிசையே நல்லது.

தொழு உரம் எவ்வளவு கிடைத்தாலும் போடலாம், நன்றாக மட்கியிருந்தால். கோழி எருவில் உப்பு கூடுதல். அதை இந்த மண்ணில் தவிர்த்துவிடுங்கள். ஏரி, குளத்து வண்டல் அருமையான பொருள், அந்தக் குளமே உவராக இல்லாதவரை. தென்னை நார்க்கழிவை மட்கவைத்தே போட வேண்டும். உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த நாராக இருந்தால் அதில் நிறைய உப்பு இருக்கும். நல்ல நீரில் பலமுறை அலசாமல் தொடாதீர்கள். சர்க்கரை ஆலைக் கழிவு மண் பக்கத்தில் கிடைத்தால் களருக்கு நன்றாக உதவும். ஆனால் கரும்புச்சாற்றை எப்படித் தெளிவிக்கும் ஆலை என்று கேளுங்கள். கந்தகப் புகை கொண்டு தெளிவிக்கும் ஆலையின் கழிவே வேண்டியது. கரியமில வாயு முறையில் வருவது பெரும்பாலும் சுண்ணாம்பு.

மணல் கொட்டினால் சரியாகுமா? களர் களிமண்ணில் சில வண்டி மணல் ஒன்றும் செய்யாது. சோடியம் அங்கேயேதான் இருக்கும்.

இவ்வளவும் செய்தபின் கிணற்று நீரே உப்பாக இருந்தால்? இதுதான் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களின் உண்மையான சிக்கல். மண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே தினமும் உப்பை ஊற்றிக்கொண்டிருப்போம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரைக் கோடையில் ஒரு சென்ட்டுக்குத் தினமும் 200 லிட்டர் விட்டால், ஒரு மாதத்தில் ஆறு கிலோ உப்பைத் தோட்டத்தில் கொட்டியதாகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், சில நாளுக்கொரு முறை தேவைக்குச் சற்று அதிகமாகவே பாய்ச்சி, மிச்சம் உப்போடு கீழே இறங்கும்படி விடுங்கள். உப்பு நீரை இலைமேல் ஊற்றாதீர்கள்.

கடற்கரை மணல்மேடுகளில் நல்ல நீர், உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஆழமாகத் துளையிட்டு வேகமாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறிவிடும். ஆழமற்ற குட்டையில் ஊறும் அளவுக்கு மொண்டு பாய்ச்சுவதே அங்கே பாதுகாப்பு.

நீர் உப்பாக இல்லாமல் காரமாக, சோடா கலந்ததுபோல் வழுவழுப்பாக இருந்தால், ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக அதை ஓடவிட்டுப் பாய்ச்சலாம். களர் வட்டாரங்களுக்கு இது சோதிக்கப்பட்ட முறை.

எந்தக் காய்கறி வரும்? 1977இல் அமெரிக்காவில் மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் தொகுத்து, பின்னர் விரிவாக்கப்பட்ட அட்டவணையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். குழம்பு முறை அளவில் பீன்ஸ், கேரட் ஆகியவற்றின் விளைச்சல் 1-ஐத் தாண்டியதுமே குறையத் தொடங்கும். வெங்காயம், முள்ளங்கிக்கு 1.2. குடைமிளகாய்க்கு 1.5. தக்காளி, வெள்ளரி 2.5 வரை தாங்கும். பீட்ரூட் 4 வரை, தட்டைப்பயறு 5 வரை நிற்கும். கொத்தவரை எல்லாவற்றையும் மிஞ்சி 8-ஐயும் தாண்டும். எல்லை தாண்டியதும் செடி செத்துவிடாது. தக்காளியில் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 10 சதவீதம் விளைச்சல் குறையும். பீன்ஸில் 19 சதவீதம். முதல் ஆண்டு கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட் என்று தொடங்குங்கள். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் அவசரப்படாதீர்கள்.

பீட்ரூட்டுக்கு ஒரு விதிவிலக்கு: வளர்ந்த செடிதான் உப்பைத் தாங்கும், முளைவிடும்போது தாங்காது. முளைப்பருவத்தில் பல பயிர்கள் இப்படித்தான் மென்மையாக இருக்கின்றன. ஆகவே நேரடியாக விதைப்பவற்றுக்கு முதல் இரண்டு வாரமாவது மழைநீரோ நல்ல நீரோ வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாயைக் குழித்தட்டில் நல்ல மண்ணில் வளர்த்து, நாற்று சற்று உறுதியானபின் நடுங்கள்.

பாரும் சாலும் பிடித்து நடுகிறீர்களா? பாரின் உச்சியில் நடாதீர்கள். சாலில் பாயும் நீர் இரு பக்கமிருந்தும் உப்பைத் தள்ளிக்கொண்டுபோய் உச்சியில் சேர்க்கும். வெள்ளைப் பூப்பு அங்கேதான் தெரியும். பக்கச் சரிவில், நீர் தொடும் மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள். எந்தச் செலவும் இல்லாத இந்த ஒரு மாற்றம், பல நேரம் செடி பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசம்.

சொட்டுநீரில் ஈரவட்டத்தின் ஓரத்தில் உப்பு சேரும். அப்போது ஒரு சிறுதூறல் விழுந்தால் அந்த உப்பு வேருக்குத் திரும்பிவிடும். மழைதான் பெய்கிறதே என்று நிறுத்தாமல், நன்றாக மழை பிடிக்கும்வரை சொட்டுநீரை ஓடவிடுங்கள். செடியைச் சுற்றி வைக்கோல், சருகு என்று எதையாவது மூடாக்காக இடுங்கள். மண்ணிலிருந்து நீர் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலேறுவதும் குறையும்.

உரத்திலும் சில மாற்றம் தேவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் வகைப் பொட்டாஷ் கேளுங்கள். களர் மண்ணில் டி.ஏ.பி.யைவிட சூப்பர் பாஸ்பேட் மேல், ஏனென்றால் அதிலேயே ஜிப்சம் கலந்திருக்கிறது. யூரியாவை மேலாகத் தூவினால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். அம்மோனியம் சல்பேட் பொருத்தமானது. துத்தநாக சல்பேட் சென்ட்டுக்கு 100 கிராம், மணலோடு கலந்து, சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்க்காமல் தனியே இடுங்கள். இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் மாறினால் இரும்புக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? வடியும் மணற்பாங்கான உவர் நிலம் ஒரு நல்ல மழைக்காலத்திலேயே மாறிவிடும். கடுமையான களர், காரநிலை 9-ஐத் தாண்டியது, அப்படி உடனே வசப்படாது. அங்கே முதல் இரண்டு மூன்று ஆண்டு நெல் வைப்பது நல்லது. தேங்கும் நீரே நிலத்தைக் கழுவும். களரைத் தாங்கும் திருச்சி 1 போன்ற நெல் ரகங்களும் இருக்கின்றன. காய்கறிக்காகக் காத்திருக்க முடியாதவர்கள், நிலத்தின் ஒரு மூலையில் ஓரடி உயரத்துக்கு வண்டலும் தொழு உரமும் கலந்த மேட்டுப்பாத்தி போட்டு அதில் மட்டும் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முடிவில், அதே இடத்தில் மண் எடுத்துச் சோதியுங்கள். உப்பு உச்சத்தில் இருக்கும் காலம் அதுதான். மழை முடிந்ததும் எடுத்தால் நிலம் தேறிவிட்டதாகத் தவறான தைரியம் வரும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டியில் ஜிப்சமெல்லாம் பெரும்பாலும் தேவையில்லை. அடியில் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்யும்போது தொட்டிகளைக் கூரைக்கடியில் ஒதுக்காமல், நனைந்து வடிய விடுங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் உங்கள் குழாய் நீரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்தக் கழிவு நீரில்தான் திரண்டு நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கெனவே உப்பாக உள்ள வீடுகளில் அதைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிகளுக்கு, அரிசி களைந்த நீரும் கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீரும் கொடுங்கள்.